ரவுடி குடும்பக் கதைகள் ஏன் நம்மை விடுவதில்லை? படித்ததையும் பார்த்ததையும் சொல்லுங்கள்

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன்.

போன வாரம் அம்மா கேட்டார்: "தினம் பேப்பர்ல வர்றது போதாதா? இதையும் காசு குடுத்து வாங்கிப் படிக்கணுமா?" என் மடியில் இங்கிலாந்து எழுத்தாளர் மார்ட்டினா கோலின் ரவுடிக் குடும்ப நாவல் ஒன்று, அட்டை பாதி கிழிந்தது. அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாளாக அதே யோசனையாக இருந்ததால் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பழக்கம் எனக்கு அல்லிகுளத்தில் தொற்றியது. 1985ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைக்காரர்களில் பலர் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். நான் கல்லூரி இரண்டாம் ஆண்டில் அக்கவுண்ட்ஸ் புத்தகம் வாங்கப் போயிருந்தேன். சில்லறை இல்லை என்று கடைக்கார அண்ணன் ஒரு குண்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இந்தாம்மா, லேடி ரவுடி கதை. காலேஜ் பொண்ணுங்க நிறைய கேட்டு வாங்குறாங்க." அது கோலின் முதல் நாவல், 1992ல் வந்தது. லண்டனில் ஓர் ஐரிஷ் குடும்பம், வரிசையாக ஆண் பிள்ளைகள், கடைக்குட்டியாக ஒரே பெண் மோரா. மூத்த அண்ணன் மைக்கேல் அடிதடியில் ஆரம்பித்துப் பெரிய கை ஆகிறான். தங்கையும் அவன் பின்னாலேயே அந்தத் தொழிலுக்குள் போகிறாள்.

அன்று ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் எமர்ஜென்சி விளக்கு மங்கி அணையும் வரை படித்தேன். அடிதடி வரும் பக்கங்களை வேகமாகத் தாண்டிவிட்டேன், அது இன்றைக்கும் என் வழக்கம்தான். வீட்டுக்குள் நடக்கிற பக்கங்களில்தான் நின்று நின்று படித்தேன். யார் யாரோடு பேசுவதில்லை, எந்தப் பிள்ளை உள்ளே வந்தால் அம்மாவின் முகம் மாறுகிறது, எவன் கொடுத்த பணம் என்று தெரிந்தும் யார் கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஏனென்றால் எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. ரவுடி யாரும் இல்லை. தாத்தா விட்டுப்போன வீட்டைப் பாகம் பிரிப்பதில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தகராறு வந்து, பதினொரு வருடம் ஒரே காம்பவுண்டுக்குள் பேசாமல் வாழ்ந்தார்கள். குடிநீர்க் குழாய் ஒன்றுதான். பெரியம்மா குடத்தை நிரப்பி எடுத்த பிறகு அம்மா போவார். நடுவில் இரண்டு நிமிடம் குழாயடியில் யாரும் இருக்கமாட்டார்கள், தண்ணீர் மட்டும் சும்மா ஓடும். அந்த இரண்டு நிமிடம் எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. ஆனால் வெளியாள் ஒருவர் அப்பாவைப் பற்றித் தப்பாகப் பேசினார் என்று தெரிந்ததும் சட்டையைப் பிடிக்கப் போனது பெரியப்பாதான். இந்த நாவல்கள் அந்தக் கோபத்தையும் அந்தப் பாசத்தையும் எடுத்து, கையில் ஆயுதத்தைக் கொடுத்து, எதுவரை போகும் என்று காட்டிவிடுகின்றன. நான் பயந்து பயந்து படிப்பது அதற்காகத்தான்.

மரியோ பூஸோ 1969ல் எழுதிய 'காட்ஃபாதர்' எல்லோருக்கும் தெரியும். எழுதும் வரை நிஜமான மாஃபியா ஆள் ஒருவரைக்கூடச் சந்தித்ததில்லை, எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: அந்தக் கதையின் மாஃபியா தலைவனான டான் வாயைத் திறக்கும்போதெல்லாம் தன் மனதுக்குள் கேட்டது தன் அம்மாவின் குரல்தானாம். இத்தாலியிலிருந்து வந்து நியூயார்க்கில் ஏழைக் குடித்தனம் நடத்திய அம்மா. இதைப் படித்த அன்று எனக்கு எல்லாம் விளங்கியது போல இருந்தது. உலகமே பயந்த டான், பேச்சில் ஓர் அம்மா!

உங்களுக்கு எப்படி? இந்த வகைக் கதைகளோடு, அல்லது கதையில் வருவது போன்ற மனிதர்களோடு உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

*

ராயபுரத்திலிருந்து.

நான் இந்தக் கதைகளைப் படிக்க ஆரம்பித்தது முப்பது வயதுக்கு மேல்தான். அதற்கு முன்னால் எதிர்வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். எங்கள் சந்தில் எதிரே ஓர் ஆயா, அவருக்கு மூன்று பையன்கள். நடு மகன் பேரில் ஸ்டேஷனில் ஹிஸ்டரி ஷீட், அதாவது ரவுடி என்று போலீஸ் வைக்கும் பதிவேடு, இருந்தது. சந்தில் அவனை 'அண்ணே' என்று கூப்பிடுவார்கள், என்னிடம் அவன் ஒருநாளும் கடுமையாகப் பேசியதில்லை. "டேய் தம்பி, ஒழுங்கா படிடா" என்று பரீட்சைக்குப் பேனா வாங்கிக் கொடுத்தவன்.

நான் சொல்ல வந்தது ஆயாவைப் பற்றி. சாயங்காலம் முறத்தில் ரேஷன் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். சந்து முனையில் ஜீப் சத்தம் கேட்டால் விரல் அப்படியே நிற்கும். தலையைத் தூக்கமாட்டார். சத்தம் தாண்டிப் போனதும் விரல் மறுபடி நகரும். ஜீப்பா, தண்ணீர் லாரியா என்பது எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும்.

சிறை சென்ட்ரல் பக்கத்தில் இருந்த வரைக்கும் மனு போட்டு மகனைப் பார்க்கக் காலையில் போனால் மதியச் சமையலுக்குத் திரும்பிவிடுவார். 2006ல் புழலுக்கு மாற்றிய பிறகு ஒரு நாள் முழுக்க அதற்கே போய்விடும். மகனுக்கு ஒருமுறை குண்டாஸ் போட்டார்கள். 1982ல் வந்த சட்டம் அது. விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். வெளியே எடுக்க ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும், உள்ளே வைத்திருப்பவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும் மனு. எங்கள் சந்தில் பள்ளிக்கூடப் பக்கமே போகாத பெண்களும் அந்த வார்த்தையை ஓர் எழுத்து தப்பாமல் சொல்வார்கள். அந்த மனுவுக்காகத்தான் ஆயாவின் காதில் இருந்த கம்மல் போனது. பிறகு அந்த ஓட்டையில் ஈர்க்குச்சி செருகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

'சம்பவம்' நடந்தால் பேப்பரில் நாலு வரி வரும். வெட்டியவன் பெயர், வெட்டுப்பட்டவன் பெயர், முன்விரோதம். ஆயா அதில் வரமாட்டார். லண்டனை ஆட்டிவைத்த ரவுடிச் சகோதரர்கள் கிரே இரட்டையர்களைப் பற்றிப் படித்தபோது அவர்களுடைய அம்மா வயலட் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் 1969ல் ஆயுள் தண்டனை. அம்மா விடாமல் சிறைக்குப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். 1982ல் அவர் இறந்தபோது பிள்ளைகளைக் காவலோடு கூட்டி வந்து அடக்கத்துக்கு நிற்க விட்டார்கள். நாடு வேறு, பாஷை வேறு. ஆனால் எனக்குத் தெரிந்தது முறத்தில் நின்ற விரல்தான்.

அம்மாவைக் காட்டாத ரவுடிக் கதையை நான் இப்போது பத்துப் பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை.

*

வேளச்சேரியிலிருந்து, சுருக்கமாக.

மேலே இருவர் எழுதியதும் மனதைத் தொட்டது. ஆனால் எனக்குப் பயம் இருக்கிறது. இத்தாலியில் ராபர்ட்டோ சவியானோ நேபிள்ஸ் கும்பல்களைப் பற்றி உண்மைப் பெயர்களோடு 2006ல் எழுதினார். அந்த வருடத்திலிருந்து போலீஸ் பாதுகாப்பில்தான் வாழ்கிறார். அவர் எழுதியதில் எனக்கு மறக்காதது, அங்கே ஒரு கும்பல் தலைவன் ஹாலிவுட் கேங்ஸ்டர் படத்தில் பார்த்த மாளிகையைப் போலவே தனக்கும் வேண்டும் என்று கட்டிக்கொண்டது. கதையைப் பார்த்து ரவுடியும் கற்றுக்கொள்கிறான். எங்கள் ஏரியாவில் பிறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியில் கேக் வெட்டி வீடியோ போட்ட பையன்களை நேரில் பார்த்தவன் நான். பதினெட்டு வயதுகூட இருக்காது. அதனால் இந்த நாவல்களைப் படிக்கிறேன், ஆனால் தம்பிக்குக் கொடுப்பதில்லை.

*

திருவல்லிக்கேணியிலிருந்து.

என் அப்பா இருபது வருடத்துக்கு மேல் லெண்டிங் லைப்ரரி நடத்தினார். புத்தக விலையில் பத்து சதவீதம் வாடகை. பள்ளி விட்டதும் நான்தான் நோட்டில் பெயர் எழுதுவேன். எனக்குத் தெரிந்து இந்த வகை நாவல்களை வாலிபப் பையன்களைவிடக் குடும்பப் பெண்கள்தான் அதிகம் எடுத்துப் போனார்கள். அறுபது வயது மாமி ஒருவர், பார்த்தசாரதி கோயிலுக்குப் போய்விட்டு நேராகக் கடைக்கு வருவார். பையில் துளசி, கையில் கேங்ஸ்டர் நாவல். "மாமி, இதுல ரத்தம் ஜாஸ்தி" என்றேன் ஒருமுறை. "ரத்தம் கெடக்கட்டும்டி. மூத்த மருமகள் என்ன ஆனாள்னு சொல்லு" என்றார்.

இன்னொருவர் ஓய்வுபெற்ற ஏட்டையா. வாடகைப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்று அப்பா எத்தனை தடவை சொன்னாலும் பென்சிலால் ஓரத்தில் குறித்துவிடுவார். போலீஸ் வருகிற இடத்தில் எல்லாம் 'தப்பு', 'இப்படி நடக்காது'. துப்பாக்கி வந்தால் ஒரு பெருக்கல் குறி. நான்தான் ரப்பரை எடுத்து அழிப்பேன். அவர் டிக் போட்ட இடங்களை ஒருநாள் சேர்த்துப் பார்த்தேன். ஒருத்தி கதவைத் திறந்து "அவர் ஊர்ல இல்லைங்க" என்று சொல்லும் இடம். மாமனார் வீட்டில் ஒளிந்திருப்பவன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேட்டதும் கிளம்பி வந்து மாட்டிக்கொள்ளும் இடம். அதற்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு டிக். முப்பது வருடம் ரவுடிகளைப் பிடித்தவர் போட்ட மார்க்கு அது. அந்த டிக்குகளை நான் அழிக்கவில்லை.

*

பெரம்பூரிலிருந்து மறுபடியும்.

வேளச்சேரிக்காரர் சொன்னதற்கு நான் மறுப்புச் சொல்லப்போவதில்லை. அதே தயக்கம் எனக்கும் ஒருமுறை வந்தது. 2023 ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்று ஓர் அரங்கு போட்டிருந்தது. கைதிகளுக்காக நாம் புத்தகம் கொடுக்கலாம். என் பையில் நான்கு புத்தகம் இருந்தது, அதில் ஒன்று அல்லிகுளத்தில் வாங்கிய அந்த முதல் நாவல். மூன்றைக் கொடுத்துவிட்டேன். நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இங்கிலாந்தில் சிறை நூலகங்களில் அதிகம் கேட்டு வாங்கப்படுவது கோலின் நாவல்கள்தான் என்று படித்திருந்தேன். ஆனாலும் உள்ளே இருப்பவனுக்கு இதையா கொடுப்பது?

பக்கத்தில் ஓர் அம்மா, மஞ்சள் பையோடு. உள்ளே இருந்து ஒரு மாத நாவலை எடுத்தார், பெட்டிக்கடையில் தொங்குமே, அந்த மாதிரி. புத்தகம் வாங்கிக்கொண்டிருந்த காவலரிடம் கேட்டார்: "ஐயா, இது புழலுக்குப் போவுமா? எம் பையன் இருக்கற பிளாக்குக்கு?"

"எந்த பிளாக்னு சொல்ல முடியாதும்மா. எல்லாரும் படிப்பாங்க."

அவர் கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் ஒருமுறை துடைத்தார்.

"சரிங்கய்யா. எல்லாரும் படிக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போனார்.

நான் என்னுடையதை அதன் மேலேயே வைத்தேன்.