கே-ஆர்கனைசர் திறக்கிறது, பின்னால் இருக்கும் அகோனாடி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது

செல்லூர் ஸ்டூடியோ:
மதுரையில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், கல்யாண ஆர்டர் தேதியெல்லாம் லினக்ஸில் கே-ஆர்கனைசர் என்ற காலெண்டர் புரோகிராமில்தான் இருக்கிறது. இப்போது திறந்தால் அகோனாடி சேவை இயங்கவில்லை என்கிறது, ஸ்டார்ட் அழுத்தினால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மறுபடி அதே பல்லவி. எங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போகிறது, யூபிஎஸ் பேட்டரியும் செத்துவிட்டது, டேட்டாபேஸ் அடிவாங்கியிருக்குமோ? அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணலாமா? ஆவணி முகூர்த்தம் பூராவும் அதில் இருக்கிறது.

திருமங்கலத்தான்:
ஹோமில் (உங்கள் கோப்புகள் எல்லாம் இருக்கும் போல்டர்) அகோனாடி போல்டரையே தூக்கிவிட்டு லாக்-அவுட் பண்ணி வாங்க. எனக்கு அப்படித்தான் சரியானது.

வண்டியூர்:
அண்ணே, அவசரப்படாதீங்க. அகோனாடி ஒரு தரகர் மாதிரிதான். சரக்கு, அதாவது தேதி விவரம், கூகுளிலோ ஐசிஎஸ் என்ற காலெண்டர் கோப்பிலோ இருக்கும், இது அதன் நகலைத் தன் மரியாடிபி டேட்டாபேஸில் வைத்துக்கொண்டு கே-ஆர்கனைசருக்குக் கொடுக்கிறது. ஆனால் சர்வருக்கு இன்னும் ஏறாத மாற்றம் ஏதாவது இருந்தால், போல்டரை அழித்ததும் அதுவும் போச்சு. ரீ-இன்ஸ்டால் ஹோம் போல்டரைத் தொடவே தொடாது, வீண் வேலை. முதலில் பிழைகள் பதிவாகும் லாகைப் பாருங்க: கன்ட்ரோல்-ஹெச் அழுத்தினால் மறைந்திருக்கும் லோக்கல் போல்டர் தெரியும், அதில் ஷேர், அகோனாடி, டிபி-டேட்டா என்று உள்ளே போனால் எர் என்று முடியும் ஒரு கோப்பு. கடைசி வரிகளை இங்கே போடுங்க. அப்புறம், சூடோ போட்டு (நிர்வாகி அனுமதியோடு) எதையும் ஓட்டாதீங்க, கோப்புகள் ரூட் என்ற நிர்வாகி பேருக்கு மாறிவிட்டால் அது தனித் தலைவலி.

செல்லூர் ஸ்டூடியோ:
எர்கோட் 28 என்று வரிசையாக இருக்கிறது.

வண்டியூர்:
அப்படியென்றால் கரண்ட் மேல் பழி போடாதீங்க. 28 என்றால் டிஸ்கில் இடமில்லை. கல்யாணப் படங்களின் பெரிய ரா கோப்புகளை டெலீட் பண்ணிவிட்டு ட்ராஷைக் காலி பண்ணாமல் விட்டிருப்பீங்க, அதுவும் ஹோமில்தான் உட்கார்ந்திருக்கும்.

செல்லூர் ஸ்டூடியோ:
ட்ராஷ்தான்! காலி பண்ணி ஸ்டார்ட் கொடுத்ததும் தேதியெல்லாம் வந்துவிட்டது. ஆனால் நினைவூட்டல் மட்டும் எழும்பவில்லையே?

வண்டியூர்:
அதைக் கவனிப்பது காலெண்டராக் என்ற வேறொரு சேவை, பழைய பதிப்பில் கோர்காக். அகோனாடி இல்லாதபோது அது சும்மா கிடந்திருக்கும். லாக்-அவுட் பண்ணி வாங்க, போதும். அதற்கு முன்னால் கே-ஆர்கனைசரில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு ஐசிஎஸ் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்க.