பெரியப்பா ஷார்க்

2017 கடைசி. பினாங்கில் நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளியில் வருடக் கடைசி கான்செர்ட்டுக்குப் பாட்டு தேடிக்கொண்டிருந்தோம். எதைப் போட்டாலும் பிள்ளைகள் கேட்டது 'பேபி ஷார்க்' மட்டும்தான். தென்கொரியாவில் பிள்ளைகளுக்கான பாட்டுகள் தயாரிக்கும் பிங்க்ஃபாங் அந்த நடனக் காணொளியை 2016 ஜூனிலேயே யூடியூபில் ஏற்றிவிட்டது. பாட்டு அதற்கும் பழையது, அமெரிக்கப் பிள்ளைகள் முகாம்களில் பாடிவந்தது. 2017இல் இந்தோனேசியாவில் பெரியவர்களும் ஆடத் தொடங்கிய பிறகுதான் அலை நம் பக்கம் அடித்தது.

சரி, பாடட்டும் என்று விட்டோம். ஒரு சுறாக் குடும்பத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கையாலேயே சுறா வாய் காட்டும் பாட்டு அது. குட்டிக்கு இரண்டு விரல், அம்மாவுக்கு உள்ளங்கை, அப்பாவுக்கு முழுக்கை, பாட்டிக்கு மடக்கிய விரல். தாத்தா முடிந்ததும் சுறாக்கள் வேட்டைக்குப் போய்விடும். எங்கள் வகுப்பில் போகவில்லை. ஒரு பையன் எழுந்து, "டீச்சர், பெரியப்பா ஷார்க்க விட்டுட்டீங்க" என்றான். அவ்வளவுதான்! சித்தி, அத்தை, மாமா என்று வரிசை நீண்டுகொண்டே போனது. அத்தைக்கு வளையல் குலுக்கினார்கள், மாமாவுக்கு மீசை முறுக்கினார்கள்.

உறவுமுறை சொல்லித்தர நான் அட்டையில் படம் ஒட்டிப் படாத பாடு பட்டிருக்கிறேன். எல்லாரையும் அங்கிள், ஆன்டி என்றே கூப்பிட்டுப் பழகிய பிள்ளைகள், அப்பாவின் அண்ணன் யார், அம்மாவின் தங்கை யார் என்று ஒரே வாரத்தில் பிரித்துச் சொன்னார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2019 ஜனவரியில் அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் தரவரிசையில் 32ஆம் இடத்தில் நுழைந்தபோது பலர் வியந்தார்கள். 2020 நவம்பரில் 'டெஸ்பசீட்டோ' என்ற ஸ்பானிய மொழிப் பாட்டைத் தாண்டி, யூடியூபில் அதிகம் பார்க்கப்பட்ட காணொளி ஆனது. பிள்ளைகள் பாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட எனக்கு அது வியப்பாகவே இல்லை. குடும்பத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிடும் பாட்டு எந்த வீட்டில்தான் நுழையாது?

அப்புறம் ஒரு சனிக்கிழமை, சௌராஸ்தா மார்க்கெட்டில் அந்தப் பையனை அவன் அம்மாவோடு பார்த்தேன். மீன்கடை ஐஸ்மேல் முழ நீளத்தில் நாலு சுறா. அம்மா புட்டுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார். பையன் சின்னதிலிருந்து ஒவ்வொன்றாக விரல் நீட்டினான்: பாப்பா, அம்மா, அப்பா. கடைசியில் கிடந்த பெரியதைத் தொட்டு, "இது பெரியப்பா" என்றான், மெதுவாக.

அவன் அம்மா அன்று வாவல் மீன் வாங்கிக்கொண்டு போனார்.