மறுமொழி: போக்கர் ஆட்டமுறைகள் – கேஷ் கேமைக் ‘காசாட்டம்’ எனலாமா?

வணக்கம்.

> இணையப் போக்கர் பழகுவதற்கு எந்த முறை ஏற்றது என்று புதியவர்களுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். கேஷ் கேம் – காசாட்டம், சிட் அண்ட் கோ – அமர்ந்துசெல் ஆட்டம், ஹெட்ஸ் அப் – தலைமோதல். சரிதானா?

தலைமோதல் வேண்டாம். சீட்டாடுகிறவர்கள் ஆளைக் கை என்றுதான் எண்ணுவார்கள். ஒருவர் வராவிட்டால் “ஒரு கை குறையுது” என்போம். எனவே இருவர் மட்டும் மோதும் ஹெட்ஸ் அப் இருகை ஆட்டம்; அதேபோல் ஆறுகை மேசை, ஒன்பதுகை மேசை. ‘ஹேண்ட்’ என்பதற்கும் கை என்று போட்டுக் குழப்பாமல், அங்கே சீட்டுச் சேர்க்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘அமர்ந்துசெல்’ பொருளையே கவிழ்த்துவிடுகிறது. உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துபோகலாம் என்றல்லவா படிப்பவர் நினைப்பார்? அதில் எழுந்துபோனாலும் உங்கள் சில்லுகள் (காசுக்குப் பதிலாக வைத்தாடும் வில்லைகள்) மேசையில் கரைந்துகொண்டே இருக்கும். நினைத்த நேரத்தில் மீதியை எடுத்துக்கொண்டு எழ முடிவது கேஷ் கேமில்தான். சிட் அண்ட் கோவின் இயல்பு, குறித்த நேரத்துக்குக் காத்திராமல் இடங்கள் நிறைந்ததும் தொடங்குவது. நிறைமேசைப் போட்டி என்பேன். டூர்னமெண்டுக்கு வெறும் ‘போட்டி’ போதும். பெரியது என்றால் பலமேசைப் போட்டி.

பிளைண்ட் என்பதைக் ‘குருட்டுப் பந்தயம்’ என்று எங்கோ பார்த்தேன். சீட்டைப் பார்க்கும் முன்பே வைத்தாக வேண்டிய தொகைக்கு முன்பணயம் போதாதா? பணயம் பழைய சொல், இன்னும் வழக்கில் இருக்கிறது. சிறிய முன்பணயம், பெரிய முன்பணயம்.

இனி காசாட்டம். இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. போட்டியிலும் காசு கட்டித்தான் நுழைகிறோம். காசே இல்லாமல் பழகுவதற்கென்று தளங்கள் தரும் மேசைகளிலும் இதே முறை உண்டு. அதைக் ‘காசில்லாக் காசாட்டம்’ என்பீர்களா? புதியவருக்குத் தெரியவேண்டியது வேறு. இம்முறையில் முன்பணயம் ஏறுவதே இல்லை. போட்டியில் சில நிமிடங்களுக்கொருமுறை ஏறிக்கொண்டே போகும். அதனால் நிலையாட்டம் என்கிறேன்.

பழகுவதற்கு எது ஏற்றது என்ற உங்கள் கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. நிலையாட்டத்தில் வழக்கமாகப் பெரிய முன்பணயத்தைப்போல் 100 மடங்கு சில்லுடன் உட்காருவோம். பரவலான டெக்சஸ் ஹோல்டம் வகையில் கையில் 2 சீட்டு, பிறகு மேசையில் 3, 1, 1 என்று பொதுச்சீட்டு விரிய விரிய நான்கு கட்டத்திலும் யோசித்துப் பந்தயம் கட்ட இடமிருக்கும். தோற்ற ஆட்டம் போன்றதே மறுபடி வரும், திருத்திப் பார்க்கலாம். நிறைமேசைப் போட்டியின் பின்பாதியில் கையிருப்பு 10 மடங்குக்கு இறங்கிவிட்டால், எல்லாவற்றையும் வைப்பதா, சீட்டைக் கவிழ்த்து விலகுவதா என்ற இரண்டே முடிவுதான். அதுவும் ஒரு கலைதான், ஆனால் முதல் பாடமல்ல.

(போக்கர் ரூமுக்குக் ‘கழகம்’ என்று தனிமடலில் ஒருவர் குறும்பாக எழுதியிருந்தார். சூதாடுமிடத்துக்குப் பழந்தமிழில் அந்தப் பெயர் இருந்தது உண்மையே. இன்று வைத்தால் எத்தனை கழகத்தார் சண்டைக்கு வருவார்களோ!)

———

மறுமடல்:

வணக்கம் ஐயா. முன்பணயம், நிறைமேசைப் போட்டி, கைக்கணக்கு மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். நிலையாட்டத்தில் ஒரு தடை.

முன்பணயம் ஏறாதது ஒரு பக்கம்தான். அதைவிட அடிப்படையான வேறுபாடு சில்லின் மதிப்பு. கேஷ் கேமில் சில்லு காசுக்கு நேர். இரட்டித்தால் காசும் இரட்டிக்கும். ஒன்பதுகை நிறைமேசைப் போட்டியில் பரிசைப் பெரும்பாலும் 50, 30, 20 விழுக்காடாகப் பிரிப்பார்கள். முதலில் வந்தவர் ஒன்பது பேரின் சில்லையும் அள்ளியிருந்தும் பரிசுத்தொகையில் பாதிதான் பெறுகிறார். மூவருக்குப் பரிசு என்னும்போது நால்வர் மிஞ்சியிருக்கும் நேரத்தில், நல்ல சீட்டையும் கவிழ்ப்பது சில சமயம் சரியாவது இதனால்தான். இதைக் ‘காசாட்டம்’ தெளிவாகக் காட்டுகிறது, ‘நிலையாட்டம்’ காட்டவில்லை.

முதலில் பழக ஏற்றது எது என்பதிலும் நான் கொஞ்சம் விலகுகிறேன். புதியவருக்குப் பெரிய ஆபத்து, தோற்றதும் மேலும் சில்லு வாங்குவது. மறுநுழைவு இல்லாத போட்டியில் இழப்பு நுழைவுக்கட்டணத்தோடு நின்றுவிடும். தொடக்கத்தில் ஒன்பதுகை, முடிவில் இருகை என்று எல்லா நிலையையும் ஒரே அமர்வில் பார்க்கவும் முடியும்.

———

மறுமடல்:

சில்லு மதிப்பு பற்றிச் சொன்னது சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காசில்லா மேசைகளுக்கு என்ன பெயர் என்ற சிக்கல் தீரவில்லை. ‘நேராட்டம்’ எப்படி? சில்லுக்கு நேர் காசு. பழகும் மேசையானால் சில்லுக்கு நேர் சில்லு. முன்பணயம் ஏறாமல் நேர்கோடாக இருப்பதையும் தொட்டுக்கொள்ளும். நேருக்கு நேர் மோதும் இருகை ஆட்டம் என்று யாராவது தவறாகப் படித்துவிடுவார்களோ என்பதுதான் என் தயக்கம். போக்கர் ஆடாத இரண்டு பேரிடம் சொல்லிப்பார்த்து எழுதுங்கள்.

இழப்புக்கு எல்லை பற்றிய வாதம் காசு வைத்து ஆடினால் மட்டும் செல்லும். பழகுகிறவர் காசில்லா மேசையில் தொடங்கட்டும்; அங்கே நான் சொன்ன முறைதான்.