கொரியன் ஃப்ரைட் சிக்கன்: சாஸ் பட்டதும் நமுத்துப்போகுதே, உங்க அனுபவம் என்ன?

வாணலி:
ரெண்டாவது பொரிப்பு முடிஞ்சு சல்லடைக் கரண்டியில அள்ளிக் குலுக்கினா கூழாங்கல் மாதிரி கலகலன்னு சத்தம். ஒரு கிலோ விங்ஸ், ஒன்று கூட சோடை போகல. யாங்னியோம்னு சொல்ற இனிப்புக் கார சாஸை ஊத்திப் புரட்டினதுமே சத்தம் அடங்கிடுச்சு. பத்தாவது நிமிஷம் தோல் நமுத்து எலும்பை விட்டு வழுக்குது. சாஸ் கணக்கு: கோச்சுஜாங் (கொரிய மிளகாய் விழுது) 3 மேசைக்கரண்டி, கெச்சப் 3, சோயா சாஸ் 1, சர்க்கரை 3, பூண்டு 6 பல், தண்ணீர் கால் கப். எங்க தப்பு?

அகப்பை:
அந்தக் கால் கப் தண்ணீர்தான். சாஸ்ல இருக்கிற ஈரம் நேரா மேலோட்டுக்குள்ள இறங்கும். கொரியாவில் இதுக்கு முல்யோட்னு ஒரு சிரப் ஊத்துவாங்க, பிசின் மாதிரி இழுபடும். தண்ணீரையும் சர்க்கரையையும் விட்டுட்டு முல்யோட் கால் கப் ஊத்துங்க. கிடைக்கலைன்னா கார்ன் சிரப். வெறும் சர்க்கரை ஆறும்போது பூத்துப்போய் மணலா நெறிக்கும், சிரப் அப்படிப் பூக்க விடாது. மிதமான தீயில 3 நிமிஷம். சின்னச் சின்ன நுரை மாறி, பெரிய குமிழா மெதுவா வெடிக்கும். அப்ப இறக்கிடணும். அதுக்கு மேல விட்டா கமர்கட்டு, பல்லுல ஒட்டும். ஒரு கிலோவுக்கு அரை கப் சாஸ் போதும்.

கொரியாவில் இஞ்சியோன் நகரத்துச் சின்போ சந்தையில் விக்கிற டக்கங்ஜியோங், அதான் சிரப் பூசின பொரிச்ச கோழி, ஆறின பிறகும் மொறுமொறுன்னு இருக்கிறதுக்குக் காரணமே இந்தச் சிரப் பூச்சுதான். கண்ணாடி மாதிரி மேல படிஞ்சுடும்.

மண்சட்டி:
அகப்பை அக்கா சொன்னதுல பாதிதான் சரி. சாஸ் வெளியிலேருந்து ஈரம் கொடுக்குது, ஆனா உள்ளேயிருந்தும் ஈரம் வருதே! முதல் பொரிப்பு 165 டிகிரியில் 8 நிமிஷம். எடுத்ததும் உடனே ரெண்டாவதுக்குப் போட்டா பிரயோஜனமே இல்லை. குறைஞ்சது 5 நிமிஷம், முடிஞ்சா 10 நிமிஷம் கம்பித் தட்டுல ஆறணும். எலும்போரத்து ஈரம் மெல்ல மேலோட்டுக்கு வந்து சேரும். அதை 185 டிகிரி எண்ணெய் 3 நிமிஷத்தில் விரட்டிடும். ஆற வைக்கும்போது டிஷ்யூ பேப்பரில் குவிச்சு வைக்கவே கூடாது. அடியில் நீராவி அடைபட்டு ஒரு பக்கம் தொளதொளன்னு ஆயிடும்.

உழக்கு:
மாவைப் பத்தி யாருமே பேசலையே. உருளைக்கிழங்கு மாவு வேற, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் வேற. முன்னது முழுக் கிழங்கைக் காயவச்சு அரைச்சது. அதைப் புரட்டிப் போட்ட விங்ஸ் 4 நிமிஷத்தில் கருத்து, உள்ளே எலும்போரம் ரத்தச் சிவப்பா நின்னுச்சு. அந்தச் சிவப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது. ஸ்டார்ச்னா வெள்ளை வெளேர்னு, விரலால அழுத்தினா கிறீச்னு சத்தம் வரும்.

கேட்கலைன்னாலும் சொல்லிடுறேன். கார்ன்ஃபிளவர்லயும் செய்யலாம், கடிக்கக் கொஞ்சம் கெட்டியா இருக்கும். உருளை ஸ்டார்ச் லேசா நொறுங்கும். மைதா சேர்த்தா கால் பங்குக்கு மேல வேண்டாம், பசைத்தன்மை வந்து ஆறினதும் சவசவன்னு ஆகும். கிலோவுக்கு ஸ்டார்ச் முக்கால் கப், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, உப்பு ஒன்றரை தேக்கரண்டி. கறியை முதல்ல துணியால ஒத்தி ஈரம் எடுத்துடுங்க. ஒவ்வொரு துண்டையும் கைக்குள்ள வச்சு அழுத்திப் பிடிச்சாதான் மாவு ஒட்டும், தூவினா எண்ணெயில உதிர்ந்து அடியில கருகும்.

ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த கறியை அரை மணி நேரம் வெளியில வச்சுப் பொரிங்க. ஒரு கிலோவை மூணு ஈடாப் போடுங்க. மொத்தமாக் கொட்டினா எண்ணெய் சூடு சட்டுன்னு இறங்கும், கறி பொரியாது, எண்ணெயில ஊறும். செக்குக் கடலை எண்ணெய் பொங்கி நுரைக்கும், ரீஃபைண்ட்தான் நல்லது. நிறத்தைப் பார்த்தும் ஏமாறாதீங்க. ஸ்டார்ச் மட்டும் போட்டா இளம் பொன்னிறம்தான் வரும். சிக்கன் 65 மாதிரி சிவக்கட்டும்னு காத்திருந்தா உள்ள கறி நாராயிடும்.

மண்சட்டி:
உழக்கு அண்ணா, கார்ன்ஃபிளவரைக் கெட்டின்னு தள்ளாதீங்க. சாஸ் ஊத்தப் போற சிக்கனுக்கு அந்தக் கெட்டிதான் வேணும். ரெண்டையும் பாதிப் பாதி கலந்தா அரை மணி நேரம் தாங்குது. சாஸ் இல்லாமச் சாப்பிடுறதுக்கு மட்டும் முழுக்க உருளை ஸ்டார்ச்.

வாணலி:
தண்ணீரை விட்டுட்டு, கார்ன் சிரப் கால் கப் ஊத்திப் பார்த்தாச்சு. மாவும் பாதிப் பாதி. சாஸை 2 நிமிஷம் ஆறவிட்டு, அகலமான பாத்திரத்தில் ரெண்டே புரட்டு. இருபதாவது நிமிஷமும் கடிச்சா சத்தம் கேட்குது. ஆனா சாஸ் அடியில தேங்கின நாலு துண்டு மட்டும் நமுத்துப்போச்சு. ஊத்துறதுக்குப் பதிலா பிரஷ்ஷால தடவிப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?