கள்ளப்பாட்டு வீடு: குடும்பக் குழு

மாலை 6.12

அண்ணா பிரிஸ்பேன்: எல்லோரும் இருக்கிறீர்களா? அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அவுஸ்திரேலியா விசா வந்துவிட்டது. இரண்டு பேருக்கும்!

அக்கா வவுனியா: கடவுளே

கிளிநொச்சி மாமி: வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். கைவிடவில்லை பார்த்தீர்களா 🙏

பெரியப்பா: நல்லது தம்பி. பதின்மூன்று வருடம்.

நான்: அம்மா அடுப்படியில் நிற்கிறா. வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, சுளகைத் திரும்பத் திரும்பப் புடைக்கிறா.

அண்ணா பிரிஸ்பேன்: இன்னொரு விடயம், இன்று இரவுக்குள் முடிவெடுக்க வேண்டும். ஓகஸ்டில் வரும்போது இரண்டு பேரையும் விட்சண்டே தீவுகளுக்குக் கூட்டிப் போக ஆசை. குயின்ஸ்லாந்துக் கரையோரம் 74 தீவுகள். பாய்ப்படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம், அங்கே லைசன்ஸ் கேட்பதில்லை. படகிலேயே படுத்து எழும்பி நாலு நாள். ஒரே வள்ளமாக இருக்கும் ஒற்றைப் படகு ஒன்றும், இரண்டு வள்ளத்தை இணைத்த சோடிப் படகு ஒன்றும்தான் மிச்சம். எதை எடுக்கலாம்?

சின்ன மாமா: பாய் மட்டுமா? எஞ்சின் இல்லையா

அண்ணா பிரிஸ்பேன்: இரண்டிலும் எஞ்சின் இருக்கிறது மாமா.

சின்ன மாமா: எத்தனை குதிரை

அக்கா வவுனியா: எஞ்சின் கதையைத் தொடங்காதீர்கள் மாமா. அப்பாவின் எஞ்சின் யார் வீட்டுப் பத்தியில் கிடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

சின்ன மாமா: அது சுனாமிக்குப் பிறகு நான் மண்ணுக்குள் இருந்து தோண்டி எடுத்தது. உன் அப்பாவிடமே கேள்.

அக்கா வவுனியா: சரி விடுங்கள். தம்பி, அம்மாவைப் படகிலா? புதுக்குடியிருப்பு பஸ்ஸிலேயே சத்தி எடுக்கிற ஆள். முழங்காலும் மடங்காது.

அண்ணா பிரிஸ்பேன்: அதனால்தான் கேட்கிறேன் அக்கா. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்து வாசியுங்கள்.

ஒற்றைப் படகு காற்றுக்குச் சாயும். பாய் விரித்துக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஏறி ஓடும்போது 15, 20 பாகை சாய்வது வழக்கம். தேநீர்க் கோப்பை மேசையில் நிற்காது, குசினியில் இடுப்பை முட்டுக்கொடுத்துத்தான் சமைக்க வேண்டும். ஆனால் அடியில் ஈயமோ இரும்போ வார்த்த பாரம் இருக்கிறது, படகின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு வரும். சாயச் சாய அந்தப் பாரம் திருப்பி இழுக்கும். கடலோடும் படகு என்றால் பாய்மரம் தண்ணீரில் படுகிற அளவு விழுத்தினாலும் எழும்பி நிற்கும்.

சோடிப் படகுக்கு அந்தப் பாரம் இல்லை. அகலம்தான் அதன் பலம். 40 அடி ஒற்றைப் படகு 4 மீற்றர் அகலம் என்றால், அதே நீளச் சோடிப் படகு 7 மீற்றர் வரும். அதனால் 5 பாகை சாய்ந்தாலே அதிகம். வைத்த கோப்பை வைத்த இடத்தில் இருக்கும்.

கிளிநொச்சி மாமி: அப்ப சோடிதானே

பெரியப்பா: கவிழ்ந்தால்?

அண்ணா பிரிஸ்பேன்: சரியான கேள்வி பெரியப்பா. சோடிப் படகு ஒரு கட்டம் வரைக்கும் மலை மாதிரி நிற்கும். காற்றுப் பக்கத்து வள்ளம் தண்ணீரை விட்டு எழும்பினதோ, அதற்குப் பிறகு அதன் பிடி குறைந்துகொண்டே போகும். முழுதாகக் கவிழ்ந்தால் தானாக நிமிராது. ஒற்றைப் படகு சாய்ந்து காட்டி "பாயைக் குறை" என்று எங்களுக்குச் சொல்லும். சோடிப் படகு சொல்லாது. காற்று இரண்டு மடங்கானால் பாயில் விழும் பலம் நாலு மடங்கு. காற்றுமானியைப் பார்த்து நாங்கள்தான் முன்கூட்டியே பாயைச் சுருக்க வேண்டும். நான் ஆறு வருடமாக இங்கே ஒரு கழகத்தில் பழகுகிறேன். தேவைக்கு முந்தியே சுருக்குகிற ஆள்.

பெரியப்பா: எங்கள் மரம் ஒருநாளும் தாழாது. பிரண்டாலும் திருப்பிப் போட்டு ஏறுவோம்.

குட்டி: பெரிய தாத்தா, அந்தப் படகுக்குக் கற்றமரான் என்று பெயர். கட்டுமரத்தில் இருந்து வந்த சொல்! டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697 இல் வந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

பெரியப்பா: அப்ப அது எங்கள் மரம்தான்.

அண்ணா பிரிஸ்பேன்: பெயர் மட்டும் எங்களுடையது பெரியப்பா. உருவம் பசுபிக் தீவுக்காரருடையது, இரண்டு வள்ளத்தை இடைவெளி விட்டு இணைத்துக் கட்டியது. கட்டுமரம் மரங்களை நெருக்கிக் கட்டுவது, ஏறின தண்ணீர் இடுக்கால் ஓடிவிடும். ஆனால் தாழாத குணம் இரண்டுக்கும் உண்டு. 1989 இல் ரோஸ் நோயல் என்ற மூன்றுவள்ளப் படகு நியூசிலாந்துக்கு அங்கால் கவிழ்ந்தது. நாலு பேர் அந்தக் கவிழ்ந்த படகிலேயே 119 நாள் மிதந்து கரை சேர்ந்தார்கள். ஈயப் பாரம் உள்ள ஒற்றைப் படகில் தண்ணீர் நிறைந்தால் அடிக்குப் போய்விடும்.

அக்கா வவுனியா: அம்மா வாசிக்கிற குழுவில் இதை ஏன் எழுதுகிறாய்

நான்: அம்மா பார்க்கவில்லை. புட்டு அவிக்கிறா.

சின்ன மாமா: வல்வெட்டித்துறை அன்னபூரணி பாய்க்கப்பலும் ஒற்றைதான். 1938 இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அப்பு சொல்லுவார், வேப்பமரப் பலகை என்று. ஒற்றையை எடு மருமகன்.

கிளிநொச்சி மாமி: அப்பு சொன்னது எல்லாவற்றையும் நம்பினால் எங்களுக்கு முள்ளியவளையில் நாலு ஏக்கர் வயல் இருந்திருக்கும்.

சின்ன மாமா: அந்த உறுதி என்னிடம் இல்லை. எத்தனை தரம் சொல்வது.

குட்டி: மாமா, சாயாவிட்டால் சத்தி வராதுதானே?

அண்ணா பிரிஸ்பேன்: அப்படியும் இல்லை குட்டி. ஒற்றைப் படகு மெதுவாகச் சாய்ந்து மெதுவாக எழும்பும், ஏணை ஆட்டுகிற மாதிரி. சோடிப் படகின் ஆட்டம் சின்னது, ஆனால் வெடுக்கென்று இருக்கும். ஒவ்வொரு வள்ளமும் தனித்தனியாக அலையைச் சந்திக்கும். எதிர் அலையில் இரண்டையும் இணைக்கிற தட்டின் அடியில் அலை வந்து டமார் என்று அடிக்கும், மேசையில் கரண்டி குதிக்கும். சிலருக்கு இந்த வெடுக்குத்தான் ஒத்துவராது. நங்கூரம் போட்டுக் கிடக்கும்போதோ சோடிப் படகுதான் சுகம், ஒற்றைப் படகு பக்கத்துக்குப் பக்கம் உருளும்.

சின்ன மாமா: நீ போன படகும் ஒற்றைதானே. அதில் எப்படி இருந்தது

அக்கா வவுனியா: மாமா

அக்கா வவுனியா: ஏன் இப்ப அதை

இரவு 7.04

கிளிநொச்சி மாமி: மிளகாய்த்தூள் யார் இடிப்பது? இரண்டு கிலோவாவது கொண்டு போக வேண்டும்.

நான்: இடிப்பிக்கலாம் மாமி. மழை இல்லை, காயும்.

கிளிநொச்சி மாமி: பாரைக் கருவாடும்

இரவு 7.26

அண்ணா பிரிஸ்பேன்: மாமா கேட்டதற்குச் சொல்கிறேன். குறையாக நினைக்கவில்லை.

2012 இல் நான் இங்கே வந்தது மீன்பிடிக்கிற பலநாள் கலத்தில். பதினெட்டு நாள். ஓடும்போது தாங்கலாம். எஞ்சின் இரண்டு நாள் நின்றது. நின்றவுடன் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும், பிறகு உருளத் தொடங்கும். பாய் இருந்தால் காற்று ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவு உருளாது. எங்களிடம் பாய் இல்லை. மஞ்சள் தண்ணீர்க் கான் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. தட்டில் இந்தக் கரைக்குச் சறுக்கி முட்டும், கொஞ்சம் நிற்கும், திரும்ப அந்தக் கரைக்குப் போகும். இரண்டு இரவும் அதன் சத்தம். எழும்பிப் போய் அதைக் கட்டிவைக்க ஒருத்தருக்கும் சீவன் இல்லை.

கழகத்தில் முதலாவதாக நான் படித்தது படகு ஏன் உருளுகிறது என்பதுதான். அம்மாவும் அப்பாவும் அந்தச் சத்தம் இல்லாத கடலைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு கேட்கிறேன்.

பெரியப்பா: ஓம் மகன்.

சின்ன மாமா: தெரியாமல் கேட்டுவிட்டேன் மருமகன்.

அண்ணா பிரிஸ்பேன்: பரவாயில்லை மாமா. என் எண்ணம் சோடிப் படகு. தீவுகளுக்கு நடுவில் பெரிய அலை வராது, சின்னக் குத்து அலை மட்டும்தான். ஓகஸ்டில் தென்கிழக்குக் காற்று அடிக்கும், மறைவான குடாக்கள் நிறைய உண்டு. சோடிப் படகில் குசினியும் இருக்கிற இடமும் ஒரே மட்டம். ஒற்றைப் படகில் உள்ளே இறங்கச் செங்குத்தான ஏணிப்படி, அம்மாவின் முழங்காலுக்கு அது சரிவராது. சோடிப் படகிலும் படுக்கைக்கு நாலைந்து படி இறங்க வேண்டும், ஆனால் மேலேயே பாய் விரித்துப் படுக்கலாம்.

அக்கா வவுனியா: காசு?

அண்ணா பிரிஸ்பேன்: சோடிக்குக் கூட. பரவாயில்லை.

நான்: அம்மா வந்து வாசித்தா. முழுவதையும். மஞ்சள் கான் வரைக்கும்.

அக்கா வவுனியா: ஐயோ

நான்: சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றுதான் கேட்கிறா. கரை தெரியுமா என்று.

அண்ணா பிரிஸ்பேன்: தெரியும் அம்மா. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தீவு தெரியும். இரவில் ஓடுவதே இல்லை, பின்னேரம் நாலு மணிக்குள் குடாவுக்குள் போய் நங்கூரம் போட்டுவிடுவோம்.

நான்: சுனாமிக்குப் பிறகு கடலில் கால் வைக்காத ஆள் அண்ணா. தீர்த்தம் எடுக்கும்போதுகூட வீதியில்தான் நிற்பா. "வந்து பார்த்துச் சொல்கிறேன்" என்கிறா.

அண்ணா பிரிஸ்பேன்: முற்பணம் இன்று கட்ட வேண்டுமே அம்மா

அப்பா: எனக்கு ஒற்றை

அக்கா வவுனியா: அப்பா எழுதுகிறார்!!

அப்பா: சரிந்து ஓடினால்தான் காற்று கையில் தெரியும்

பெரியப்பா: அவன் சின்னனிலும் அப்படித்தான். கச்சான் காற்றில் மரத்தின் ஒரு ஓரம் தண்ணீருக்குள் போகப் போகச் சிரிப்பான்.

அக்கா வவுனியா: அப்பா, அம்மாவின் முழங்கால்

அப்பா: அவ கரையில் நிற்கலாம்

நான்: அம்மா கேட்டுவிட்டா. "இவர் போகும்போது நான் கரையில் நின்ற காலம் போதும்" என்கிறா.

அண்ணா பிரிஸ்பேன்: அப்ப வருவீர்களா அம்மா?

நான்: பதில் இல்லை. புட்டை இறக்கப் போய்விட்டா.

அண்ணா பிரிஸ்பேன்: சரி. படகுக்காரரிடம் நாளைக் காலை வரைக்கும் தவணை கேட்கிறேன். அப்பாவுக்கு ஒருநாள் மட்டும் கழகத்து ஒற்றைப் படகில் மோர்ட்டன் குடாவில் ஓடலாம். அது நான் பொறுப்பு.

அப்பா: சுக்கான் ஆர் பிடிக்கிறது

அண்ணா பிரிஸ்பேன்: நீங்கள்தான் அப்பா.

கிளிநொச்சி மாமி: கருவாடு விடுவார்களா இல்லையா? ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

அண்ணா பிரிஸ்பேன்: சாப்பாட்டுச் சாமான் எது கொண்டு வந்தாலும் விமானத்தில் தருகிற அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும் மாமி. மறைத்தால் தண்டம். எதை விடுவது என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

கிளிநொச்சி மாமி: அப்ப நல்லதாகப் பார்த்து ஒரு கிலோ மட்டும் காயவைக்கிறேன்.

பெரியப்பா: தம்பி, எந்தப் படகு என்றாலும் அவளை முன்பக்கம், அணியத்தில் இருத்தாதே. அங்கேதான் தூக்கிப் போடும். நடுவில் இருத்து, முகம் தூரத்துக் கரையைப் பார்க்க.

அண்ணா பிரிஸ்பேன்: சரி பெரியப்பா.