பரவைக்கடலில் பண்ணைக்கு இடம் அளக்கும்போது எங்களை யார் கேட்பது?

கேள்வி – பாசையூர்ப் பெண்
யாழ்ப்பாணத்தில் எங்கள் கரையை ஒட்டிய ஆழமில்லாத பரவைக்கடலில் கடலட்டைப் பண்ணைக்கு இன்னும் இடம் அளக்கப் போகிறார்களாம். கருத்துக் கேட்கும் கூட்டம் காலை ஒன்பது மணிக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் கணவர் மீன் ஏலம் கூறும் இடத்தில் நிற்பார். நான் வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்றிக்கொண்டிருப்பேன். கால் முறிந்தால் விலை பாதியாகிவிடும். மீனவர் சங்கப் பதிவேட்டில் வள்ளக்காரரின் பெயர்கள்தான் இருக்கின்றன. இடுப்பளவு நீரில் நடந்து இறால் பிடிப்பவர்களுக்கும் கரைவேலை செய்யும் பெண்களுக்கும் அழைப்பே இல்லை. நாங்கள் எந்த வழியால் பேசுவது?

பதில் – பழைய செயலாளர், குருநகர்
தங்கச்சி, முதலில் உங்கள் பெயரிலேயே சங்க அங்கத்துவத்துக்கு விண்ணப்பியுங்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம், ஒரு பகுதியை மீன்பிடி முகாமைத்துவப் பகுதியாக அறிவித்து அங்கே மீனவர் குழு அமைக்க இடம் தருகிறது. ஆனால் அதற்கும் பதிவு வேண்டும். நடந்து தொழில் செய்பவர்களைப் பதியாமல் விட்டால் அந்தக் கதவும் நமக்குத் திறக்காது.

அடுத்தது வரைபடம். பண்ணைக்காரர் வரைபடத்தோடு வருகிறார், நாம் வெறும் வாயோடு போகிறோம். இதைப் பல கூட்டங்களில் பார்த்து நொந்திருக்கிறேன். யார் எங்கே வலை விடுகிறார், வள்ளம் எந்தப் பக்கத்தால் கரைக்கு வருகிறது, வாடைக்காற்றுக் காலத்தில் இறால் எங்கே கூடுகிறது என்பதெல்லாம் நம் ஆட்களுக்கு மனப்பாடம். கொப்பித்தாளில் என்றாலும் வரைந்து, எல்லோரும் கையொப்பமிட்டு, கூட்டத்துக்கு முன்பே கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்கவேண்டாம்.

பதில் – நாவாந்துறை
2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள்: குத்தகை யாருக்கு, எத்தனை ஏக்கர், எத்தனை வருடத்துக்கு? 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2014இல் ஏற்ற சிறுதொழில் மீன்பிடி வழிகாட்டல்களும் பெண்களைத் தீர்மானங்களில் சேர்க்கச் சொல்கின்றன. அவை சட்டமல்ல, ஆனாலும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

பதில் – பண்ணைத் தொழிலாளி
அக்கா, எனக்குச் சம்பளம் தருவது பண்ணைதான். அது முழுக்க வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கூடுகளுக்கு இடையில் வள்ளம் போக வழி விடவில்லை என்பது உண்மை. இரவில் கம்புகளில் வெளிச்சமும் இல்லை. இந்த இரண்டையும் நிபந்தனையாகக் கேளுங்கள், நானும் வந்து சொல்கிறேன்.

பாசையூர்ப் பெண்
நன்றி. கூட்டத்தைப் பின்னேரம் நான்கு மணிக்கு மாற்றக் கேட்டு இன்று கடிதம் கொடுக்கிறோம். ஐயா, வள்ளம் இல்லாதவர் அங்கத்துவப் படிவத்தில் தொழிலுக்கு என்ன சான்று இணைக்கவேண்டும்? கிராம அலுவலர் கடிதம் போதுமா?