செல்மா பாலத்தைக் கடந்தபோது

அமெரிக்க வரலாற்றின் நினைவு நாட்களில் நான் நேரில் கலந்துகொண்டவற்றுள் மனத்தில் ஆழப் பதிந்தது, அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் ஆண்டுதோறும் மார்ச் மாதத் தொடக்கத்தில் நடைபெறும் பாலம் கடக்கும் நிகழ்வுதான். 1965 மார்ச் 7 ஞாயிற்றுக்கிழமையன்று, கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கோரி ஏறத்தாழ 600 பேர் பிரவுன் சாப்பல் தேவாலயத்திலிருந்து அணிவகுத்துப் புறப்பட்டு, எட்மண்ட் பெட்டஸ் பாலத்தின் அக்கரையில் மாநிலக் காவலர்களிடம் தடியடியும் கண்ணீர்ப்புகையும் பட்டுத் திரும்பினார்கள். உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் தளபதி ஒருவரின் பெயரைத்தான் அந்தப் பாலம் இன்றும் தாங்கி நிற்கிறது.

படங்களில் பார்த்துப் பழகிய எனக்கு, பாலத்தின் அமைப்பு நேரில்தான் புரிந்தது. நடுப்பகுதி உயர்ந்து வளைந்திருப்பதால், நகரப் பக்கத்திலிருந்து ஏறுகிறவருக்கு உச்சியை எட்டும்வரை அக்கரைச் சாலை கண்ணில் படுவதில்லை. அணிவகுப்புக்குத் தலைமை தாங்கி முன்வரிசையில் நடந்த ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும் உச்சிக்கு வந்த பிறகே கீழே காத்திருந்த காவலர்களின் அணிவரிசையைக் கண்டார்கள். கண்ட பிறகும் நடந்தார்கள்.

கூட்டத்தில் எனக்கு அருகில் மடக்கு நாற்காலியுடன் நின்ற மூதாட்டி ஒருவர், தம் தாயார் அந்த ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் என்றார். 1965 ஜனவரியில் கறுப்பின ஆசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் வாக்காளர் பதிவு நடந்த நீதிமன்றத்துக்கு ஊர்வலமாகச் சென்றபோது, சிறை செல்லவும் ஆயத்தம் என்பதைக் காட்டப் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் பிடித்திருந்தார்களாம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்தவரை வாக்காளர் பதிவுக்கான எழுத்தறிவுத் தேர்வில் தவறவைத்து அனுப்பினார்கள் என்று அவர் சொன்னபோது குரலில் கசப்பு இல்லை, சிரிப்புதான் இருந்தது.

அந்நாளில் அங்கே வாக்காளர் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே திறந்திருக்கும். அரசியலமைப்பின் பகுதிகளைப் பற்றிக் கேள்வி கேட்டு, விடை சரியா தவறா என்பதை அங்கிருந்த அதிகாரியே முடிவு செய்வார். போதாக்குறைக்கு, ஏற்கெனவே பதிவுபெற்ற ஒருவர் நற்சான்று தரவேண்டும். கறுப்பின மக்களில் பதிவுபெற்றவர்களே விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள் என்றால் சான்று தருபவர் யார்? 1963 அக்டோபர் 7 அன்று அந்த நீதிமன்றத்தின் முன் சுமார் 350 பேர் நாள் முழுவதும் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு உணவும் நீரும் கொடுக்க முயன்ற தொண்டர்கள் கைதானார்கள். என்னைக் கேட்டால், பாலத்தில் நடந்ததைவிட இந்த வரிசைதான் பெரிய கதை. ஆனால் வரிசையில் காத்து நின்றவர்களுக்குப் புகைப்படம் எடுக்க ஆள் குவிவதில்லை. ஆண்டு விழாக்களின் இயல்பே அப்படித்தான் போலும்.

தடியடியில் நினைவிழந்து விழுந்தவர்களுள் ஒருவரான அமீலியா பாயின்டன், அதற்கு முன்பே பல ஆண்டுகளாக மற்றவர்களுக்கு அந்த நற்சான்றை அளித்துவந்தவர். 2015இல் 50ஆம் ஆண்டு நிறைவின்போது, சக்கர நாற்காலியில் அமர்ந்து, அதிபர் ஒபாமாவின் கையைப் பற்றியபடி அவர் அதே பாலத்தில் சென்றார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1965 ஆகஸ்ட் 6 அன்று சட்டமான வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பிரிவொன்றை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியிருந்தது. விழா மேடைகளில் இதையும் சேர்த்துப் பேசுவோர் உண்டு. அவர்களைத்தான் நான் கவனமாகக் கேட்டேன்.

போக நினைப்பவர்கள் பாலத்தோடு நின்றுவிடாமல், மாநிலத் தலைநகர் மான்ட்கோமரி நோக்கிச் செல்லும் 80ஆம் எண் நெடுஞ்சாலையில் தொடர்ந்து பயணம் செய்யுங்கள். வழியில் லவுண்ட்ஸ் மாவட்டத்தில் தேசியப் பூங்காத் துறையின் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. சட்டம் வந்த பிறகு துணிந்து வாக்காளராகப் பதிவுசெய்துகொண்டதற்காக நில உரிமையாளர்களால் வெளியேற்றப்பட்ட குத்தகை விவசாயக் குடும்பங்கள் கூடாரமடித்து வாழ்ந்த இடம் அது.